பேரன் பேத்திகளுக்கு ஆடித் தள்ளுபடி

2018 அக்டோபர் 8, திங்கட்கிழமை. ஒரே நாளில் உலகத்துக்கு இரண்டு செய்திகள் வந்தன. தென்கொரியாவின் இஞ்சியோன் நகரிலிருந்து வந்தது முதலாவது. பூமியின் சூட்டை 1.5 டிகிரியோடு நிறுத்த வேண்டுமானால் 2030க்குள் கரியமில வாயுவை 2010ஆம் ஆண்டு அளவிலிருந்து ஏறக்குறைய 45 சதவீதம் குறைத்தாக வேண்டும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு அறிக்கை வெளியிட்டது. இரண்டாவது ஸ்டாக்ஹோமிலிருந்து. காலநிலையைப் பொருளாதாரக் கணக்குக்குள் கொண்டுவந்ததற்காக யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் நார்ட்ஹாஸுக்கு நோபல் பரிசு. இன்னொரு பொருளாதாரக்காரரான பால் ரோமரோடு பங்கிட்டு, மொத்தம் 90 லட்சம் ஸ்வீடன் குரோனர்.

இரண்டு மாதம் கழித்துப் பரிசு உரையில் பேராசிரியர் ஒரு வரைபடம் காட்டினார். அதில் பல கோடுகள். அவற்றில் ஒன்றுக்கு 'உகந்தது' என்று பெயர். அந்தக் கோடு 2100இல் ஏறக்குறைய 3.5 டிகிரியைத் தொட்டு, அதன் பிறகும் ஏறிக்கொண்டே போனது. அவை கைதட்டியது. தெருமுனையில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு நிற்கிறது. அதே தெருவில், வீட்டில் எத்தனை அறை எரிந்தால் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் என்று சொன்னவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பதை நாம் இத்தனை காலமாகத் திருடனின் பழமொழி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அது ஒரு துறை என்று தெரியாமல் போயிற்று.

(இந்தப் பரிசு நோபல் எழுதிய உயிலில் கிடையாது. ஸ்வீடனின் மத்திய வங்கி 1968இல் தன் பணத்தைப் போட்டு அவர் பெயரில் ஏற்படுத்தியது. வங்கிக்காரர்கள் பரிசு கொடுத்தால் வட்டி தெரிந்தவனுக்குத்தானே கொடுப்பார்கள்.)

பேராசிரியரின் வாழ்க்கைக் குறிப்பில் கறை எதுவும் இல்லை. அதுதான் கொடுமை. 1941இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்பக்கர்க்கியில் பிறந்தார். யேலில் பட்டம், 1967இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம், அதே ஆண்டு யேலில் வேலை. பிறகு அங்கேயே வேரூன்றிவிட்டார். 1977 முதல் 1979 வரை ஜிம்மி கார்ட்டரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் இருந்தார். 1985 முதல் பால் சாமுவேல்சனின் புகழ்பெற்ற பாடப் புத்தகத்துக்குக் கூட்டாசிரியர். உலகம் முழுக்கப் பொருளாதாரம் படித்த பிள்ளைகளில் ஒரு பெரும் கூட்டம் முதல் பாடத்தை அவரிடம்தான் படித்தது.

1973இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையை மட்டும் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். வளர்ச்சிக்கு எல்லை உண்டு என்று சொன்ன ஜே ஃபாரெஸ்டரின் கணினி மாடலை அதில் கிழித்துத் தொங்கவிட்டார். கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'தரவு இல்லாத அளவீடு' என்று வரும். கையில் ஆதாரம் இல்லாமல் எதிர்காலத்தை அளக்காதே என்பது அவர் அடுத்தவருக்குச் சொன்ன புத்தி. இந்தத் தலைப்பு ஒரு ஓரமாக நினைவில் இருக்கட்டும். மேலே போகப் போகத் தேவைப்படும்.

அடுத்த ஆண்டு வியன்னா பக்கத்தில் ஒரு சர்வதேச ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். அங்கே அலுவலக அறையில் கூட இருந்தவர் ஒரு காலநிலை விஞ்ஞானி. அந்த அறைவாசத்தின் விளைவாக 1975இல் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்த முடியுமா என்று கேட்டு ஓர் ஆய்வறிக்கை எழுதினார். இன்று எல்லா மாநாட்டு மேடைகளிலும் உருட்டப்படும் 'இரண்டு டிகிரி' என்ற எல்லையை முதன்முதலில் காகிதத்தில் வைத்தவர்களில் அவரும் ஒருவர். அதைத் தாண்டினால் பல லட்சம் ஆண்டுகளில் பூமி கண்டிராத சூட்டுக்குள் போவோம் என்று எழுதினார். அப்போது சென்னைக்குத் தொலைக்காட்சிகூட வந்திருக்கவில்லை.

ஆக, இவர் காலநிலை மாற்றமே பொய் என்று கூவிய எண்ணெய்க் கம்பெனி ஏவலாள் இல்லை. நெருப்பை முதலில் பார்த்தவர்களில் ஒருவர். பார்த்தவர் சத்தம் போட்டு ஊரைக் கூட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேரேட்டைத் திறந்தார். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். நெருப்பே இல்லை என்றவனை ஊர் சிரித்துத் தள்ளிவிடும். நெருப்பு இருக்கிறது, ஆனால் அணைக்க ஆகும் தண்ணீர்ச் செலவைப் பார்க்கும்போது கொஞ்சம் எரியட்டும் என்கிற படித்தவனை என்ன செய்வது? பரிசு கொடுத்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

1991இல் கணக்கு வந்தது. வெப்பநிலை மூன்று டிகிரி கூடினால் அமெரிக்காவுக்கு என்ன நஷ்டம்? பேராசிரியர் தேசிய உற்பத்தியைத் துறை துறையாகப் பிரித்தார். பெரிதாக அடிபடக்கூடியவை, அதாவது விவசாயம், காடு, மீன்பிடிப்பு போன்றவை சுமார் 3 சதவீதம். ஓரளவு பாதிக்கப்படக்கூடியவை 10 சதவீதம். மிச்சம் 87 சதவீதத்துக்குப் பாதிப்பு கிட்டத்தட்ட இல்லை. ஏன்? தொழிற்சாலை கூரைக்குக் கீழே நடக்கிறது. சுரங்கம் பூமிக்குக் கீழே நடக்கிறது. வங்கி ஏ.சி.யில் நடக்கிறது. மொத்த நஷ்டம் தேசிய வருமானத்தில் கால் சதவீதம் என்று முடித்தார். கணக்கில் விட்டுப்போனவற்றுக்காகத் தாராள மனதோடு அதை ஒரு சதவீதம் என்று உயர்த்தினார். மிஞ்சி மிஞ்சிப் போனால் இரண்டு.

கூரை இருந்தால் காலநிலை இல்லையாம். சித்திரை மாதத்து மதியத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில் அவரை ஒரு மணி நேரம் உட்கார வைக்க எனக்கு ஆசை. தண்ணீர்கூடக் கொடுக்கலாம். நான் கொடுமைக்காரன் இல்லை.

அந்த 3 சதவீதத்தைப் பார்ப்போம். மனித இதயம் கால் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது. எழுபது கிலோ ஆளில் அது அரை சதவீதம்கூட வராது. யேல் முறைப்படி பார்த்தால் நெஞ்சுவலி என்று வருகிறவனிடம் டாக்டர் சொல்ல வேண்டியது: "கவலைப்படாதீங்க, உங்க உடம்பில் தொண்ணூற்று ஒன்பதரை சதவீதம் நல்லாத்தான் இருக்கு." சோறு தேசிய வருமானத்தில் 3 சதவீதமாக இருப்பதற்குக் காரணம், அது விளைந்துகொண்டிருக்கிறது என்பதுதான். விளையாமல் போகும் ஆண்டில் அதன் சதவீதம் என்ன ஆகும் என்று பசியோடு ஒரு வாரம் இருந்த எந்தப் பிள்ளையும் சொல்லும். அதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை.

1994இல் அவரும் இரண்டு கூட்டாளிகளும் அமெரிக்கக் கவுண்டிகளின் நில விலையையும் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வெப்பமாதல் அந்நாட்டு விவசாயத்துக்குச் சற்று லாபமாகக்கூட முடியலாம் என்றார்கள். இன்றைக்குச் சூடான ஊருக்கும் குளிர்ந்த ஊருக்கும் உள்ள வித்தியாசம்தான் நாளைக்கு உலகமே சூடாவதன் விலை என்பது இந்த வழியின் அடிப்படை. மதுரைக்காரனும் ஊட்டிக்காரனும் உயிரோடுதான் இருக்கிறார்கள், ஆகவே ஊட்டி மதுரையானால் ஒன்றும் ஆகாது.

அதே ஆண்டு இன்னொரு வேலையும் செய்தார். 19 நிபுணர்களைக் கூப்பிட்டு, காலநிலை மாற்றத்தால் உலகப் பொருளாதாரம் எவ்வளவு அடிபடும் என்று அபிப்பிராயம் கேட்டார். இயற்கை விஞ்ஞானிகள் சொன்ன நஷ்டம், பொருளாதாரக்காரர்கள் சொன்னதைப் போல் இருபது முப்பது மடங்கு. காலநிலை மாறிய உலகத்துக்கும் மாறாத உலகத்துக்கும் வித்தியாசம் காண மிகக் கூரான பென்சில் வேண்டியிருக்கும் என்கிற தோரணையில் பேசினார் ஒரு பொருளாதாரக்காரர். பனிப்பாறையையும் கடலையும் அளந்தவர்கள் ஒரு பக்கம் பயந்து கிடக்கிறார்கள். பென்சில் சீவுகிறவர்கள் மறுபக்கம் நிம்மதியாக இருக்கிறார்கள். யாருடைய எண் பின்னால் வந்த மாடல்களுக்குள் போயிற்று என்று சொல்லவும் வேண்டுமா? 2016ஆம் ஆண்டு பதிப்பின்படி மூன்று டிகிரி கூடினால் உலக வருமானத்தில் 2.1 சதவீதம் நஷ்டம். ஆறு டிகிரி கூடினால் 8.5 சதவீதம்.

ஆறு டிகிரி என்றால் என்ன? கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் பூமி இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய அவ்வளவுதான் குளிர்ந்திருந்தது. அந்த ஆறு டிகிரிக் குறைவில் கனடா ஏறக்குறைய முழுவதும் பனித்தகட்டின் அடியில் கிடந்தது. யேல் பல்கலைக்கழகம் இருக்கும் நியூஹேவன் நகரின் மண்ணும் அதன் அடியில்தான். பேராசிரியரின் நாற்காலி இருக்கும் அதே இடத்தின் மீது பனிமலை ஊர்ந்து போயிருக்கிறது. ஆறு டிகிரி அந்தப் பக்கம் போனால் ஊரே பனிக்கடியில். ஆறு டிகிரி இந்தப் பக்கம் போனால் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டரை ரூபாய் பிடித்தம். ஜன்னலைத் திறந்து வெளியே பாறைகளில் இருக்கும் கீறலைப் பார்த்திருந்தால் போதும். தரவு கொல்லைப்புறத்திலேயே கிடந்தது. 1973ஆம் ஆண்டுத் தலைப்பை இங்கே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துவிடுவோம்.

இன்னொன்று, அந்த 2.1 உலக சராசரி. ஆற்றின் சராசரி ஆழத்தைக் கூட்டி வகுத்து, நம் சராசரி உயரத்தைவிடக் குறைவுதான் என்று பெண்டாட்டி பிள்ளைகளோடு இறங்கின கணக்குப்பிள்ளையின் கதை நமக்குத் தெரியும். அவனாவது கூட இறங்கினான்.

இனி வட்டிக்கு வருவோம். இந்தத் துறையின் கருவறை அதுதான். இன்றைக்கு ஒரு ரூபாய் செலவழித்து நூறு வருஷம் கழித்து வரும் நஷ்டத்தைத் தடுக்கலாமா என்று கேட்டால், அந்த நஷ்டத்தை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கொண்டுவர வேண்டும். அந்தக் கழிவு விகிதம் நார்ட்ஹாஸின் 2016ஆம் ஆண்டு மாடலில் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 4.25 சதவீதம். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நூறு வருஷம் கழித்து என் கொள்ளுப்பேத்திக்கு ஒரு கோடி ரூபாய் நஷ்டம் வரப்போகிறது என்றால், அதன் இன்றைய மதிப்பு ஒன்றரை லட்சத்துச் சொச்சம். 98 சதவீதத்துக்கு மேல் கழிவு. இருநூறு வருஷம் என்றால் அதே ஒரு கோடி 2,400 ரூபாய்ச் சொச்சம். ஒரு நல்ல பட்டுச்சேலைகூட வாங்க முடியாது. தி.நகரில் ஆடி மாதத்தில்கூட ஐம்பது சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி என்றால் சேலையில் எங்காவது கிழிசல் இருக்கும் என்று நம் பெண்கள் விரித்துப் பார்ப்பார்கள். இங்கே மனுஷப் பிள்ளைகளை 98 சதவீதத் தள்ளுபடியில் போட்டிருக்கிறார்கள். விரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

விரித்துப் பார்த்தவர்களில் ஒருவர் நிக்கலஸ் ஸ்டெர்ன். 2006இல் பிரிட்டிஷ் அரசுக்காக எழுதிய அறிக்கையில், பின்னால் பிறந்தான் என்பதற்காக ஒருவனின் உயிரை மலிவாக்குவது நியாயமில்லை என்று வாதாடி, கழிவு விகிதத்தை 1.4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். அதே ஒரு கோடி 25 லட்சமாக உயர்ந்தது. உடனே ஓடிவந்து மறுத்தவர்களில் முன்வரிசையில் நார்ட்ஹாஸ். சந்தையில் முதலீட்டுக்கு என்ன வருமானம் கிடைக்கிறதோ அதைத்தான் விகிதமாக எடுக்க வேண்டும், தத்துவம் பேசக்கூடாது என்றார். சந்தை என்பது யார்? இன்றைக்குக் கையில் காசு வைத்திருப்பவர்கள். பிறக்காத பிள்ளைகள் சந்தைக்கு வருவதில்லை. அவர்களுக்கு டீமேட் கணக்கு கிடையாது.

இன்னொரு நியாயமும் சொல்கிறார்கள். பேரன் நம்மைவிடப் பல மடங்கு பணக்காரனாக இருப்பான், ஆகவே நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வான். எப்படிப் பணக்காரனாவான்? மாடலில் தொழில்நுட்ப வளர்ச்சி தன்பாட்டுக்கு வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். சூடு எவ்வளவு ஏறினாலும் அந்த ஊற்று வற்றாது. வருகிறவன் வசதியானவன்தானே என்று சொல்லி அவன் வீட்டுக் கூரையை இன்றைக்கே பிரித்து விற்பதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற பெயர்.

மாடலுக்கு அவர் வைத்த பெயர் 'டைஸ்'. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டினால் வருகிறது. பொருள் பகடைக்காய். உலகத்தை மண்டலங்களாகப் பிரித்துச் செய்த தம்பி மாடலுக்கு 'ரைஸ்'. சோற்றையே 3 சதவீதத்துக்குள் அடைத்தவர் மாடலுக்கு அரிசி என்று பெயர் வைத்திருக்கிறார். 2013இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பில் 'காலநிலைச் சூதாட்ட விடுதி'. நகைச்சுவை உணர்ச்சி உள்ளவர்தான். ஆனால் பகடை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வருகிற சபை வேறு. அங்கேயும் பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். அங்கேயும் காய்கள் விதிப்படிதான் உருண்டன. சபைக்கு வராதவளைப் பணயம் வைத்தார்கள். தன்னையே தோற்றவனுக்கு என்னை வைக்க என்ன உரிமை என்று அவள் சபைக்கு வந்து கேட்டாள். நம் ஆட்டத்தில் வசதி என்னவென்றால், பணயமாக வைக்கப்பட்டவர்கள் இன்னும் பிறக்கவில்லை. வந்து கேட்க ஆளில்லை.

அக்கம்பக்கத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட வேண்டும். நார்ட்ஹாஸின் கூட்டாசிரியர் சாமுவேல்சனுக்குத் தம்பி மகன் ஒருவர். பெயர் லாரன்ஸ் சம்மர்ஸ். பெரியப்பா பொருளாதார நோபல். தாய்மாமன் கென்னத் ஆரோவும் பொருளாதார நோபல். உலக வங்கியின் தலைமைப் பொருளாதார வல்லுநராக இருந்தபோது, 1991 டிசம்பர் 12 தேதியிட்டு அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு போயிற்று. நச்சுக் கழிவுகளைக் கூலி மிகக் குறைந்த நாட்டில் கொட்டுவதன் பொருளாதாரத் தர்க்கத்தில் குறை காண முடியாது என்பது அதன் சாரம். அங்கே நோயில் விழுந்து சாகிறவனால் இழக்கப்படும் கூலி குறைவு. ஆப்பிரிக்காவில் மாசு போதவில்லை. குறிப்பு வெளியே கசிந்து உலகம் கொந்தளித்ததும் வந்த விளக்கம்தான் முத்து: அது கிண்டலாக எழுதியதாம்.

அங்கதம் எழுதிப் பிழைக்கிறவன் இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். நாங்கள் மிகைப்படுத்துவதற்கு இவர்கள் மிச்சம் எதையும் வைப்பதில்லை. பிரேசிலின் சுற்றுச்சூழல் செயலாளர் ஜோஸே லூட்ஸென்பெர்கர் அந்தக் குறிப்பைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். 1992இல் அவருக்குப் பதவி போயிற்று. காரணம் கடிதம் மட்டும்தானா என்பது வேறு பேச்சு. சம்மர்ஸ் பிறகு அமெரிக்காவின் நிதியமைச்சர் ஆனார். அதற்குப் பிறகு ஹார்வர்டின் தலைவர்.

1995இல் ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கைக்குச் சமூகச் செலவு பற்றி ஓர் அத்தியாயம் தயாரானது. முன்னின்று எழுதியவர் பிரிட்டனின் பெயர்பெற்ற சுற்றுச்சூழல் பொருளாதார அறிஞர் டேவிட் பியர்ஸ். வெப்பத்தால் சாகப்போகிறவர்களுக்கு அதில் விலை போட்டிருந்தார்கள். பணக்கார நாட்டு உயிர் 15 லட்சம் டாலர். ஏழை நாட்டு உயிர் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. இந்தியாவின் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் கமல்நாத் எதிர்ப்புத் தெரிவித்து எழுதினார். இது உயிரின் விலை இல்லை, சாவின் ஆபத்தைக் குறைத்துக்கொள்ள ஒருவர் எவ்வளவு பணம் தர முன்வருவார் என்பதன் அளவு, அவ்வளவுதான் என்று இந்தத் துறைக்காரர்கள் எப்போதும் சொல்லும் பதில் அன்றும் வந்தது. அவ்வளவுதானாம். சட்டைப்பையில் காசு இல்லாதவனுக்கு உயிர்மேல் ஆசை இல்லை என்று அர்த்தம்.

நார்ட்ஹாஸுக்குச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கரியமில வாயுவுக்கு விலை வைக்க வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் சொன்னவர். காலநிலை மாற்றமே இல்லை என்று சாதித்தவர்களோடு மல்லுக்கு நின்றவர். அவருடைய 2016 மாடல் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 31 டாலர் விலை சொன்னது. அந்த மெதுவான, மிதமான, சந்தைக்கு வலிக்காத வரியைக்கூட அவருடைய சொந்த நாட்டு நாடாளுமன்றம் போடவில்லை. மெதுவாகப் போகலாம் என்ற பகுதியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டார்கள். கணக்குப்பிள்ளை எழுதின சீட்டில் 'பிறகு தருக' என்ற வரியை மட்டும் கிழித்துப் பையில் போட்டுக்கொண்ட பண்ணையார்கள். அதற்கு அவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நாற்பது ஆண்டு சம்பளம் வாங்கிய கணக்குப்பிள்ளைக்குத் தன் பண்ணையாரைத் தெரியாதா என்று நானும் கேட்கலாம்.

அவர் பெயர் அறிவிக்கப்பட்ட அக்டோபர் 8க்கும், 'உகந்தது' என்ற கோட்டைக் காட்டிய டிசம்பர் 8க்கும் நடுவில், நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. வெப்பமாதல்தான் கஜாவைப் பெற்றது என்று நான் சொல்லவில்லை. நஷ்டத்துக்கு விலை போடுகிற விதத்தை மட்டும் சொல்கிறேன். பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, வேதாரண்யம் என்று வரிசையாகத் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்தன. இருபது முப்பது வருஷத்து மரங்கள். மகள் கல்யாணமும் மகன் படிப்பும் அந்த மட்டைகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. மரம் ஒன்றுக்கு அரசு அறிவித்த நிவாரணம் 1,100 ரூபாய். அதில் மரத்துக்கு 600. விழுந்ததை வெட்டி அப்புறப்படுத்த 500.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பனை பலன் கொடுக்க அவ்வளவு காலம் ஆகும். வைத்தவன் அதன் நுங்கைத் தின்னப்போவதில்லை என்று தெரிந்தே வைப்பான். 4.25 சதவீதக் கழிவில் போட்டுப் பார்த்தால் உலகத்தில் ஒருவனும் பனங்கொட்டையைக் குழியில் போடமாட்டான். புயல் போன மறுநாள் படங்களைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. தென்னைகள் ஒரே திசையில் தலைசாய்த்துப் படுத்துக்கிடந்தன. வரப்போரத்திலும் குளக்கரையிலும் கணக்குத் தெரியாத யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன பனைகள் மட்டும் மட்டை கிழிந்து நின்றுகொண்டிருந்தன.